“போர் அடிக்குது!”: பெங்களூரில் லீவு விட்ட பிள்ளைகள், அவர்கள் குறும்புகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் பெங்களூரில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளை மூடினால் மே மாதக் கடைசியில்தான் திறப்பார்கள். மற்ற பள்ளிகளுக்குத் தேதி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அல்சூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் 40 வீடுகள். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள் என்பதால், லீவு விட்டதும் என் மகளோடும் மகனோடும் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகள் எங்கள் ஹாலில்தான் கிடப்பார்கள். ஆறு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. அவர்களைப் பெற்றவர்களும், ஒயிட்ஃபீல்டிலிருந்தும் ஓசூரிலிருந்தும் போன் பண்ணும் தோழிகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

“அம்மா, போர் அடிக்குது” என்று வந்து நின்றால் என்ன செய்வது?

அரை மணி நேரம் ஒன்றும் செய்யாதீர்கள். “வா, படம் வரையலாம்” என்று நீங்களே ஒரு வேலையை எடுத்துக் கொடுத்தால், அது முடிந்ததும் மறுபடி உங்களிடமே வந்து நிற்பார்கள். நான் “அப்படியா, சரி” என்று மட்டும் சொல்வேன்.

முதல் பத்து நிமிஷம் பொறுப்பதுதான் கஷ்டம். தரையில் உருளுவார்கள். ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடுவார்கள். தம்பியைச் சீண்டி அழ வைப்பார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் போன் கைமாறுகிறது. அதைத் தாண்டிவிட்டால் வேறு ஒன்று நடக்கும்.

போன மே மாதம், கரண்ட் போன ஒரு மதியம். புழுக்கம் தாங்காமல் பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் சுருண்டு கிடந்தார்கள். திடீரென்று நாற்காலிகள் நகரும் சத்தம். எட்டிப் பார்த்தால் ஹாலிலிருந்து சமையலறை வரை நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டு, மேலே என் அம்மாவின் இரண்டு சுங்குடிப் புடவைகளை விரித்து ஒரு சுரங்கம் கட்டியிருந்தார்கள். நம்ம மெட்ரோ! உள்ளே பிள்ளைகள் முட்டிபோட்டு ஊர்ந்து போக, என் மகன் டம்ளரை வாயில் வைத்து “முந்தின நில்தாண, ஹலசூரு” (அடுத்த நிலையம், அல்சூர்) என்று கன்னடத்தில் அறிவித்துக்கொண்டிருந்தான். டோக்கனுக்கு கேரம் காய்கள். சமையலறைக்குப் போக வந்த என் அம்மாவிடம் டோக்கன் இல்லை. அபராதம், ஆளுக்கு ஒரு அதிரசம். கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்து தூக்குச் சட்டியில் பத்திரப்படுத்தியிருந்த அதிரசம் அன்றோடு தீர்ந்தது. சுங்குடியில் ஒன்று ஓரத்தில் கிழிந்தும் போனது. அம்மாவுக்கு வருத்தம்தான், ஆனால் மறுநாள் காலையில் “இன்னைக்கு வண்டி எத்தனை மணிக்கு?” என்று கேட்டதும் அவர்தான்.

நான் யோசனை சொல்லியிருந்தால் இதில் ஒன்றுகூட வந்திருக்காது.

சும்மா விட்டால் கற்பனை வளரும் என்பதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா?

கொஞ்சம் உண்டு. 2014இல் இங்கிலாந்தில் சாண்டி மான், ரெபேக்கா காட்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவை டெலிபோன் டைரக்டரியிலிருந்து எண்களைப் பார்த்து எழுத வைத்தார்கள். அதைவிட அலுப்பான வேலை உண்டா? பிறகு இரண்டு பிளாஸ்டிக் கப்பைக் கொடுத்து, இதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று கேட்டார்கள். எண்களை எழுதி அலுத்துப்போனவர்கள், எழுதாதவர்களைவிட அதிக யோசனைகள் சொன்னார்கள். சோதனையில் இருந்தவர்கள் பெரியவர்கள், பிள்ளைகள் அல்ல. அதனால் இதையே பெரிய சான்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நான் நம்புவது என் ஹாலில் கண்ணால் பார்ப்பதைத்தான்.

அதே 2014இல் வெளியான இன்னொரு ஆய்வில், அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் திமதி வில்சன் குழுவினர் ஆட்களை ஒரு வெற்று அறையில் 15 நிமிஷம் தனியாக உட்கார வைத்தார்கள். அறையில் இருந்தது ஒரு பொத்தான் மட்டும். அழுத்தினால் லேசாக ஷாக் அடிக்கும். சும்மா இருக்க முடியாமல் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் தங்களுக்குத் தாங்களே ஷாக் கொடுத்துக்கொண்டார்கள். வளர்ந்தவர்கள் பாடே இப்படி என்றால், ஏழு வயசுப் பையன் லிஃப்டில் எல்லா மாடிப் பொத்தானையும் அழுத்துவதில் எனக்கு ஆச்சரியமில்லை. அதற்காக அழுத்த விடுவதில்லை. ஆனால் அவனைக் கெட்ட பிள்ளை என்று நினைப்பதில்லை.

குறும்புக்கும் தப்புக்கும் எங்கே கோடு போடுவது?

நான் பிள்ளைகளையே மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறேன். யாருக்காவது அடிபடுமா? செய்ததைப் பழையபடி ஆக்க முடியுமா? யாரிடம் செய்கிறோமோ அவரும் கடைசியில் சிரிப்பாரா? மூன்றாவதுதான் அவர்களுக்குச் சட்டென்று புரியாது.

போன வருஷம் காலிங் பெல்லை அடித்துவிட்டு ஓடும் விளையாட்டு ஒரு வாரம் நடந்தது. மூன்றாம் மாடியில் ஒரு தாத்தா, முட்டி ஆபரேஷன் ஆகி வாக்கர் பிடித்து நடப்பவர். ஒவ்வொரு தடவையும் ஹாலைக் கடந்து வந்து கதவைத் திறப்பார், வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். என் மகளும் அதில் கூட்டு என்று தெரிந்ததும் அவளை அழைத்துப்போய் நிறுத்தினேன். “தாத்தா, நான்தான் அடிச்சேன், மன்னிச்சுக்குங்க” என்றாள். அவர் சிரிக்கவில்லை. “பதினெட்டு அடி நடக்கணும்மா” என்றார். அவ்வளவுதான், கதவைச் சாத்திவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவள் எங்கள் ஹாலில் பதினெட்டு அடியை எண்ணி எண்ணி நடந்து பார்த்தாள். நான் வேறு தண்டனை எதுவும் கொடுக்கவில்லை.

கண்ணாடியில் வெயிலைப் பிடித்து எதிர்ச் சுவரில் ஆட்டுவது குறும்பு. அதையே ஸ்கூட்டர் ஓட்டி வருபவர் கண்ணில் அடித்தால் தப்பு. உப்பு டப்பாவில் சர்க்கரையை மாற்றிவைப்பது குறும்பு. சர்க்கரை வியாதி உள்ள பாட்டி இருக்கும் வீட்டில் அது தப்பு. வீட்டுக்கு வீடு கோடு மாறும். அதை உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

எந்த விஷயத்தில் பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது?

இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பிள்ளைகளின் புத்தி எப்படி ஓடும் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டியல் இது.

முதலில் சம்ப். பெங்களூரில் தனி வீடுகளிலும் பழைய குடியிருப்புகளிலும் தரைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதன் மூடியை இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் தூக்கிவிடலாம். கண்ணாமூச்சி ஆடும்போது ஒளிய இடம் தேடும் பிள்ளைக்கு அது ஒரு குகை. மூடிக்குப் பூட்டு போடுங்கள், இன்றைக்கே. மொட்டைமாடித் தொட்டிக்கும் அப்படித்தான்.

அடுத்தது நிறுத்தியிருக்கும் கார். கதவு பூட்டாமல் இருந்தால் அதுவும் ஒளியும் இடமே. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு திறக்கத் தெரியாமல் போகலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு நிமிஷக் கணக்கில் ஏறும், சின்னப் பிள்ளையின் உடம்பு அதைத் தாங்காது. ஆளைக் காணோம் என்றால் முதலில் தேட வேண்டியது தண்ணீர்த் தொட்டியையும் கார்களையும்தான்.

பொத்தான் பேட்டரி. பொம்மை, சின்ன ரிமோட், எடை பார்க்கும் மெஷின், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை எல்லாவற்றிலும் இருக்கிறது. பொம்மையைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளைகளை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் பேட்டரியைக் கழற்றுவது பெரியவர் கை. விழுங்கிவிட்டால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டே மணி நேரத்தில் உள்ளே சுட்டுப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், காத்திருக்காதீர்கள், உடனே எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆம்புலன்ஸுக்கு 108. ஒன்றுக்கு மேற்பட்ட காந்த உருண்டைகளை விழுங்கினாலும் இதே அவசரம்தான், குடலின் இரண்டு மடிப்புக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துத் துளை போட்டுவிடும்.

பால்கனியில் நாற்காலி, ஸ்டூல், பூந்தொட்டி வைக்கும் மேடை, ஏறி நிற்க உதவும் எதுவும் கம்பிக்குப் பக்கத்தில் வேண்டாம். பட்டம் விட ஆசைப்பட்டால் பருத்தி நூல் மட்டும். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுக்கத் தடை செய்திருக்கிறது. பறவையின் சிறகையும் வண்டியில் போகிறவர் கழுத்தையும் ஒன்றுபோல் அறுக்கும் நூல் அது.

போன் கொடுக்கவே கூடாதா?

எங்கள் வீட்டில் கொடுக்கிறோம், சாயங்காலம் விளையாடி வந்த பிறகு. அலுப்புக்கு மருந்தாகக் கொடுப்பதில்லை. மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு கணக்குச் சொன்னது: 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. 2 வயதுக்குக் கீழே திரையே தேவையில்லை.

மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை என்ன செய்வது? பெரியவர்கள் தூங்குகிறார்கள், வெளியே வெயில்.

என் அனுபவத்தில் அதிசயங்கள் நடக்கும் நேரம் அதுதான்.

ஒரு நாள் பிள்ளைகள் பேய் விளையாட்டுக்காகக் கிழக்கு அறையை இருட்டாக்கினார்கள். பார்சலில் வந்த அட்டைப்பெட்டிகளைக் கிழித்து ஜன்னலில் இடைவெளி விடாமல் டேப் போட்டு ஒட்டினார்கள். ஓர் அட்டையில் மட்டும் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து நிஜமாகவே அலறல். ஓடினேன். எதிர்ச் சுவரில் எதிர்வீட்டு பால்கனி தலைகீழாகத் தெரிந்தது! கொடியில் காய்ந்த சிவப்புத் துண்டு கீழிருந்து மேலாகத் தொங்கி, காற்றில் ஆடியது. தெருவில் தள்ளுவண்டிக்காரர் போனபோது அவர் சுவரின் உச்சியில், எதிர்த்திசையில், தலைகீழாக நடந்தார். ஒளி நேர்கோட்டில் போகிறது. மேலேயிருந்து வருவது ஓட்டை வழியே கீழே விழுகிறது, இடப்பக்கத்தது வலப்பக்கம் போகிறது. மதியம் சூரியன் மேற்கே சாய்ந்து எதிர்வீட்டின் முகத்தில் வெயில் விழுந்ததால் படம் அவ்வளவு துலக்கம். நீங்களும் செய்து பாருங்கள். அறை நன்றாக இருட்டாக இருக்க வேண்டும், கண் பழக ஐந்து நிமிஷம் கொடுக்க வேண்டும், ஓட்டையைச் சிறிதாக்கினால் படம் மங்கும் ஆனால் கூர்மையாகும்.

இன்னொரு மதியத்துக்கு, தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும். கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு, குப்பையிலிருந்து பொம்மை செய்வதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்ட அரவிந்த் குப்தா பரப்பிய வித்தை இது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சைக்கிள் கடையில் வால்வ் டியூப் என்று கேட்டால் தருவார்கள். அதைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை இரண்டு பக்கமும் செருக வேண்டும். நான்கு குச்சியில் சதுரம் கட்டினால் அது ஆடும், சாய்ந்து படுத்துவிடும். மூன்று குச்சியில் முக்கோணம் கட்டினால் அசையாது. மொபைல் டவரில் ஏன் அத்தனை முக்கோணம் என்று அன்றைக்கு என் மகன் கேட்டான்.

சத்தமே வராத வேலையும் உண்டு, ரகசியம் பேசுவது. நம் ஊர்ப் பிள்ளைகள் பேசும் ‘க’ பாஷையை என் அம்மா இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வோர் அசைக்கும் முன்னால் ‘க’ சேர்க்க வேண்டும். “மொட்டை மாடிக்கு வா” என்பது “கமொட் கடை கமா கடிக் ககு கவா” ஆகும். இப்போது அதைக் கன்னடத்துக்கும் இங்கிலீஷுக்கும் போட்டுப் பேசுகிறார்கள். எனக்குப் பாதிதான் பிடிபடுகிறது. பள்ளியில் தமிழ் இல்லாத பிள்ளைகள் ஒரு தமிழ்ச் சொல்லை அசை அசையாகப் பிரிப்பதை எந்த வகுப்பும் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லித் தராது.

ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருக்கிறார்கள். பழைய விளையாட்டெல்லாம் இந்தக் காலப் பிள்ளைகளுக்குப் பிடிக்குமா?

பிடிக்கும். “பாரம்பரியம்” என்று ஆரம்பிக்காமல், பாட்டி தன்பாட்டுக்குத் தனியாக விளையாடிக்கொண்டிருந்தால் தானாக வருவார்கள். பதினாலு குழிப் பல்லாங்குழிக்குப் பலகை இல்லை என்றால் முட்டை அட்டை போதும், காய்க்குப் புளியங்கொட்டை. தாயம் ஆடச் சாக்பீஸால் தரையில் கட்டம். எங்கள் பக்கத்து வீட்டு அஜ்ஜி (கன்னடப் பாட்டி) என் அம்மாவின் தாயக் கட்டத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். அவர் ஊரில் ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் சோழி போட்டு ஆடும் சௌக்காபாரா இதற்கு உறவு. நம் பல்லாங்குழி அவருக்கு அளகுளி மனெ, பம்பரம் அவருக்கு புகுரி, பாண்டி அவருக்குக் குண்டெபில்லெ. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் சரளமாக வராது. விதியில் மட்டும் தினமும் சண்டை, பிள்ளைகள் நடுவர்கள்.

பம்பரம் வேண்டுமென்றால் மைசூர் சாலையில் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சன்னபட்டணத்து மரப் பம்பரம் வாங்குங்கள். அரக்கு பூசிக் கடைவது, கையில் பிடிக்கவே இதமாக இருக்கும்.

வேலைக்கு வரும் அக்காவின் மகளும் சேர்ந்து விளையாடலாமா? சில வீடுகளில் முணுமுணுக்கிறார்கள்.

சேர்ந்துதான் விளையாட வேண்டும். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. எங்கள் மாடியில் மூன்று வீடுகளில் வேலை பார்ப்பவர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். லீவில் மகளை வீட்டில் தனியாக விட முடியாமல் கூட்டி வருகிறார். முதல் வாரம் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து, டைல்ஸ் வேலையில் மிஞ்சிய கருங்கல் சில்லுகளை வைத்து அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு கல்லை மேலே வீசி, அது இறங்குவதற்குள் தரையில் கிடப்பதை ஒன்று, இரண்டு, மூன்று என்று வாரி, கடைசியில் நான்கையும் ஒரே வீச்சில் அள்ளி, விழும் கல்லையும் பிடிப்பாள். கண் கல்லின் மேலேயே இருக்கும், கை தானாகப் போகும். எங்கள் பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். ஒருவனுக்கும் இரண்டுக்கு மேல் வரவில்லை. இப்போது அவள்தான் அணித் தலைவி.

முணுமுணுப்பவர்களிடம் நான் சுற்றி வளைப்பதில்லை. “என் வீட்டுக்கு யார் வருவது என்று நான் பார்த்துக்கொள்கிறேன், உங்கள் பிள்ளையை அனுப்புவது உங்கள் விருப்பம்” என்பேன். எல்லோரும் அனுப்புகிறார்கள்.

அசோசியேஷன் “விளையாடக் கூடாது” என்று போர்டு வைத்துவிட்டது. என்ன செய்யலாம்?

ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் 31ஆவது பிரிவு, விளையாடுவது பிள்ளையின் உரிமை என்கிறது. இந்தியா அதில் 1992இல் சேர்ந்தது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வாட்ஸ்அப் குழுவில் இதை எடுத்து அடித்தால் காரியம் கெடும். எங்களுக்குப் பலித்தது வேறு. பிள்ளைகளே தாளில் எழுதி, கூட்டத்துக்கு வந்து படித்தார்கள்: மதியம் 2 முதல் 4 வரை கீழே வரமாட்டோம், கார் பக்கம் பந்து அடிக்கமாட்டோம், டென்னிஸ் பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் பந்து, லகோரிக்கு (ஏழு கல் விளையாட்டு) கல்லுக்குப் பதில் தேங்காய்ச் சிரட்டை. போர்டை எடுக்கவில்லை. அதன் கீழே “மாலை 4 முதல் 7 வரை தவிர” என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

வீடே குப்பையாகிறதே?

ஆகும். கொட்டியவர்கள் கூட்ட வேண்டும், ஆறு மணிக்குள். சமையலறை மாவு மட்டும் தொடக் கூடாது.

சம்மர் கேம்ப்பில் சேர்த்துவிட்டால் நிம்மதி இல்லையா?

இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் அது தேவை, குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனால் காலை கேம்ப், மதியம் கீபோர்டு, மாலை நீச்சல் என்று ஒரு மணி நேரம்கூட விடாமல் நிரப்பாதீர்கள். வெளியே போக ஆசை என்றால் கஸ்தூரிபா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம் இருக்கிறது. பொத்தானை அழுத்தவும் கைப்பிடியைச் சுற்றவும் அனுமதி உள்ள இடம். அங்கிருந்து நடந்தால் கப்பன் பார்க்.

ஒற்றைப் பிள்ளை. கூட ஆளே இல்லையே?

கதவைத் திறந்து வையுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் இதே அலுப்புதான். முதல் நாள் இரண்டு பேரும் வெட்கப்பட்டு நின்றால் ஒரு தீப்பெட்டி டெலிபோன் செய்து கொடுங்கள், நூலை இழுத்துப் பிடித்தால்தான் கேட்கும் என்பதை மட்டும் சொல்லாதீர்கள்.

பள்ளி திறந்த பிறகு இதெல்லாம் எங்கே?

எங்கள் வீட்டில் ஞாயிறு மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை யாருக்கும் எந்த வகுப்பும் கிடையாது. போன ஞாயிறு அந்த நேரத்தில் எங்கள் மாடியில் இருந்த எல்லாச் செருப்புகளையும் ஜோடி மாற்றி அடுக்கியிருந்தார்கள். ஐந்து மணிக்கு நான்கு வீட்டுக்காரர்களும் வாசலில் ஒற்றைச் செருப்போடு நின்று, அவரவர் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தோம்.